கோடைக்கானல் விடாது: ஒரு ராப் பல்லவியின் உள்கட்டு

2015 ஜூலை கடைசியில் வந்த 'கோடைக்கானல் வோன்ட்' பாட்டைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் ஒரே இடத்தில் நின்றுவிடுகிறது: கோடைக்கானலில் யூனிலீவரின் தெர்மாமீட்டர் ஆலை விட்டுப்போன பாதரசக் கழிவு விவகாரத்தை, நிக்கி மினாஜின் 'அனகோண்டா' மெட்டில் போட்டு ராப் பாடகி சோபியா அஷ்ரப் பாடினார், கேட்க ஜாலியாக இருந்தது, அதனால் பரவியது. ஏன் அந்த மெட்டு என்று கேட்டால்தான் பாட்டு திறக்கும்.

மெட்டைக் கடன் வாங்குவது நமக்குப் புதிதில்லை. அந்தக் காலத்தில் தெருவில் மலிவாக விற்ற குஜிலிப் பாட்டுப் புத்தகங்களைப் பாருங்கள். வெள்ளம், ரயில் விபத்து, கொலை என்று எதைப் பாடினாலும், இன்ன வர்ணமெட்டு என்று பாட்டின் தலையிலேயே அச்சடித்திருப்பார்கள். மெட்டு ஏற்கெனவே வாயில் இருப்பதால் சேதி மட்டும் புதிதாக ஏறினால் போதும். ராப்பிலும் கணக்கு அதேதான். ஆனால் இந்தப் பாட்டு கடன் வாங்கியது மெட்டை மட்டுமல்ல, வாக்கியத்தின் எலும்புக்கூட்டையும்.

பாட்டு வரிகளைத் தாளில் படித்து இதைப் பிடிக்க முடியாது. பலரும் சறுக்குவது இங்கேதான். மூலப் பல்லவியையும் புதுப் பல்லவியையும் மேசையில் தட்டிக்கொண்டே மாறி மாறிச் சொல்லிப் பாருங்கள். அ-ன-கோன்-டா டோன்ட். கோ-டைக்-கா-னல் வோன்ட். இரண்டும் நாலு அசை, அப்புறம் மேசையில் ஓங்கி ஓர் அறை. இரண்டிலும் அழுத்தம் மூன்றாவது அசையில் விழுகிறது. அந்த அசை இரண்டிலும் ககரத்தில் தொடங்குகிறது. கடைசிச் சொல்லில் சுத்தமான இயைபு. ஊர்ப் பெயரில் ஓர் எழுத்தைக்கூட நசுக்காமல் உட்கார வைத்திருக்கிறார்.

இனி அடுத்த பாதி. மூலப் பாட்டில் வருவது மறுப்பும் நிபந்தனையும்: இன்னது இருந்தாலொழிய வேண்டாம். புதுப் பாட்டிலும் மறுப்பும் நிபந்தனையும்: ஈடு செய்யும்வரை விடமாட்டோம். 'அன்லெஸ்' இருந்த இடத்தில் 'அன்டில்'. உடம்பைப் பற்றிய கேலி வரி, ஒரு தொழிற்சங்கக் கோரிக்கையின் இலக்கணத்தை ஏற்கெனவே வைத்திருந்தது. அதைக் கண்டுபிடித்த காதுதான் இந்தப் பாட்டின் பெரிய சாதனை என்பேன்.

அங்கே 'கான்ட்' என்று வந்திருந்தால் 'முடியாது' என்ற இயலாமை வந்திருக்கும். 'வோன்ட்' என்பது 'மாட்டேன்'; அதில் மனசு இருக்கிறது. அந்த மனசு யாருடையது? ஊருடையது. 'ஊர் சிரித்தது' என்கிறோமே, அதே இடவாகுபெயர். தெர்மாமீட்டர் ஆலையில் வேலை பார்த்தவர்களை மட்டும் சொல்லியிருந்தால் அது தொழிலாளர் வழக்கு. ஊரைச் சொன்னதும், 2001-ல் ஊரின் மூஞ்சிக்கல் பகுதிப் பழைய இரும்புக் கடையில் கிடந்த 7.4 டன் பாதரசக் கண்ணாடிக் கழிவும், ஆலைக்குக் கீழே சரியும் பாம்பார் சோலையும் வாதிகளாகிவிடுகின்றன.

அடுத்து, பாட்டு யாரைப் பார்த்துப் பேசுகிறது, யார் காதுக்குப் பேசுகிறது என்று தனித்தனியாகப் பார்க்க வேண்டும். இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. ஒப்பாரியில் செத்தவரை அழைத்துத்தான் அழுகிறார்கள். சொல் போய்த் தைப்பது வாசலில் நிற்கும் பங்காளிகளை. இங்கே முன்னிலையில் நிறுத்தி, பெயர் சொல்லி அழைக்கப்படுவது யூனிலீவர். அவையோ, அதன் சோப்பை வாங்கும் உலகம். பாட்டு ஆங்கிலத்தில் இருப்பதற்குக் காரணம் இதுதான். "உன் குப்பையை நீ சுத்தம் செய்" என்ற கட்டளையும் அந்த அவைக்காகவே. சுத்தத்தை விற்கும் கம்பெனியிடம் அதன் சொந்தச் சரக்கையே கேட்கிறார்கள். குழந்தையை அதட்டும் தொனியில்.

பாட்டு கேட்ட சொல் 'ஈடு'. தவறு செய்தவர் கொடுப்பது ஈடு. 2016 மார்ச்சில் 591 முன்னாள் தொழிலாளர்களுக்காக உடன்பாடு ஏற்பட்டபோது, நிறுவனம் சொன்ன சொல் கருணைத்தொகை; மனிதாபிமான அடிப்படையில் தருவதாகவே அறிவித்தது. பணம் வந்தது, அந்தச் சொல் வரவில்லை. இதைப் பாட்டின் வெற்றியாக மட்டும் எழுதுவதும் தப்பு. தொழிலாளர்கள் 2006-லேயே சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போய்விட்டார்கள். பத்து வருஷம் வழக்கு நடத்திய உழைப்பை மூன்று நிமிட வீடியோவின் கணக்கில் எழுதக்கூடாது.

2018-ல் பாடகர்கள் டி.எம். கிருஷ்ணாவும் அம்ரித் ராவும் சேர்ந்த அடுத்த பாட்டு வந்தபோது, சண்டை ஆலை மண்ணைச் சுத்தம் செய்வதற்கு நகர்ந்திருந்தது. சுத்தம் செய்தபின் ஆலை நிலத்தில் ஒரு கிலோ மண்ணில் 20 மில்லிகிராம் பாதரசம் வரை விட்டுவைக்கலாம் என்பது இங்கே முன்வைத்த அளவு. பிரிட்டனில் குடியிருப்பு நிலத்துக்கு வழிகாட்டியாக வைத்தது 1 மில்லிகிராம். இப்படிப்பட்ட எண்ணை மேடையில் பயன்படுத்தும்போது இரண்டையும் ஒரே மூச்சில் சொல்ல வேண்டும். 20 தனியாக நின்றால் கேட்பவருக்கு அது சின்ன எண்தான். பக்கத்தில் 1 வந்தால்தான் கோபம் வரும்.

முதல் பல்லவியைத் தமிழில் பாட நினைப்பவர்களுக்கு ஒரு சிக்கல். நம் வினை கடைசியில் வரும். "ஈடு செய்யும்வரை கோடைக்கானல் விடாது" என்றால் நிபந்தனை முன்னால் ஓடிவிடுகிறது; ஊர்ப் பெயர் நடுவில் அமுங்குகிறது. அசை பிரித்தால் கோடைக்கானல் தேமா தேமா, விடாது புளிமா. ஒற்றை அறையாக விழ வேண்டிய இடம் மூன்று எழுத்தாக இழுபடும். வரியைத் திருப்பிப் போடுங்கள்: "விடாது கோடைக்கானல்". 'வி' குறிலைத் தாளத்துக்குச் சற்று முன்னால் எடுத்து, 'டா'வைத் தட்டில் வையுங்கள். பிறகு 'கோ', 'கா' இரண்டு நெடிலும் அடுத்தடுத்த தட்டில் தானே வந்து உட்காரும். நிபந்தனையை அடுத்த வரிக்குத் தள்ளிவிடலாம்.