லிங்கங்களைத் தழுவி வரும் ஆறு

கம்போடியா என்றதும் அங்கோர் வாட் கோபுரங்கள்தான் எல்லோருக்கும் நினைவுக்கு வரும். அந்த நாட்டின் கொடியிலும் அந்தக் கோயில்தான் இருக்கிறது. ஆனால் அந்த மண்ணுக்குச் சோறு போடுவது தண்ணீர். அதனால் தண்ணீர் வரும் இடத்திலிருந்தே தரிசனத்தைத் தொடங்கினோம். சியெம் ரீப் நகரிலிருந்து சுமார் 50 கிலோமீட்டர் தள்ளி, குலென் மலைப்பகுதியில் இருக்கிறது கபால் ஸ்பியன்.

வழி நெடுக நெல்வயல், வரப்போரம் பனை. பனைதான் அவர்களுடைய தேசிய மரம். சாலையோரக் குடிசைகளில் பெரிய வாணலியில் பதநீர் காய்ச்சி, வட்ட வட்டமாகக் கருப்பட்டி வார்த்து, பனையோலையில் சுற்றி விற்கிறார்கள். நைவேத்தியத்துக்கு அதையே வாங்கிக்கொண்டோம்.

காட்டு வழியாக முக்கால் மணி நேரம் ஏற வேண்டும். மேலே போனால் ஆற்றுப் படுகையே சன்னதி! 11ஆம் நூற்றாண்டில், ஓடும் தண்ணீருக்கு அடியில் இருக்கும் பாறையில் வரிவரியாக லிங்கங்களைச் செதுக்கியிருக்கிறார்கள். பக்கத்திலேயே அனந்தசயனப் பெருமாள், காலடியில் தாயார், நாபிக் கமலத்தில் பிரம்மா. பாசி படிந்த பாறைமேல் தண்ணீர் நெளியும்போது பெருமாளின் திருமேனி மூச்சு விடுவதுபோல் அசைகிறது. குருக்களும் இல்லை, குடமும் இல்லை. மழைக்காலம் முழுக்க மலையே அபிஷேகம் செய்கிறது. லிங்கங்களைத் தொட்ட அந்தத் தீர்த்தம்தான் சியெம் ரீப் ஆற்றில் கலந்து வயல்களுக்குப் பாய்கிறது. அரிசியே பிரசாதமாக விளையட்டும் என்று நினைத்தவர்களை என்னவென்று சொல்ல! கண் கலங்கிவிட்டது.

இறங்கி வரும் வழியில் பந்தேய் ஸ்ரீ. 967இல் குடமுழுக்குக் கண்ட சிவன் கோயில், முழுக்கச் செம்மண் நிறக் கல். வாசல் முகப்பில் பல கைகளோடு இறைவன் ஆடுகிறார். அவர் காலடியில் ஓரமாக, எலும்பும் தோலுமாக, வற்றிய மார்போடு ஒரு பெண். காரைக்கால் அம்மையார் என்று அறிஞர்கள் அடையாளம் காண்கிறார்கள். ஆடும் திருவடியின் கீழ் இருக்க வரம் கேட்ட நம் அம்மை, கடல் கடந்தும் அதே இடத்தில் அமர்ந்திருக்கிறார். அங்கிருந்து நகர மனசே வரவில்லை.

அங்கோர் வாட்டை 12ஆம் நூற்றாண்டில் இரண்டாம் சூரியவர்மன் விஷ்ணுவுக்காகக் கட்டினான். பாற்கடல் கடையும் சிற்பம் மட்டுமே ஏறக்குறைய 49 மீட்டர் நீளம். ஆனால் நான் அதிக நேரம் நின்றது மேற்கு வாசலில், எட்டுக் கைப் பெருமாள் முன்னால்தான். 'தா ரீச்' என்று அழைத்து, பட்டுச் சார்த்தி, ஊதுபத்தியும் தாமரை மொட்டும் வைத்துக் கும்பிடுகிறார்கள். கும்பிடுகிறவர்கள் பெரும்பாலும் பௌத்தர்கள். கெமர் ரூஜ் என்ற கம்யூனிஸ்ட் இயக்கத்தின் ஆட்சியில், 1975 முதல் 1979 வரை, பிக்குகளின் காவியை உருவினார்கள், விகாரைகளை மூடினார்கள். அதையெல்லாம் தாண்டி வந்த பக்தி இது. யாரைப் பார்த்தாலும் அவர்கள் வணக்கம் சொல்வதும் கைகூப்பித்தான். அவர்களுக்கும் புத்தாண்டு ஏப்ரல் நடுவில்தான்.

அப்புறம் டோன்லே சாப் ஏரி. மலையில் பார்த்த தண்ணீர் கடைசியில் வந்து சேரும் இடம். மே முதல் அக்டோபர் வரை பருவமழை. அப்போது மேகாங் ஆறு பெருகி, ஏரியிலிருந்து வெளியேறும் ஆற்றையே பின்னோக்கித் தள்ளுகிறது. ஏரி பல மடங்கு விரிந்து, கரைக்காடுகளில் மீன் பெருகுகிறது. மழை ஓய்ந்ததும் ஆறு மறுபடி திரும்பிக்கொள்ளும். நவம்பரில் அதற்குப் படகுப் போட்டியோடு தண்ணீர்த் திருவிழாவே எடுக்கிறார்கள்.

போக நினைப்பவர்கள் அந்த நவம்பரையே பாருங்கள். ஏப்ரலில் வெயில் கொளுத்தும், கபால் ஸ்பியனிலும் தண்ணீர் வற்றியிருக்கும். தோளும் முழங்காலும் மறைக்கும் உடை அவசியம். இல்லாவிட்டால் அங்கோர் வாட்டின் மேல் தளத்துக்கு விடமாட்டார்கள்.