ஒரு ரோலுக்கு 250 மில்லி

மே 12, 2025, திங்கள்

விடிவதற்கு முன்பே மதுரை ஆழ்வார்புரம் போய்விட்டேன். அழகர் ஆற்றில் இறங்கும் நாளுக்காக மூன்று ரோல் எச்பி5 கறுப்பு வெள்ளை ஃபிலிம் சேர்த்து வைத்திருந்தேன். கேமராவைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி, லென்ஸை மட்டும் வெளியே நீட்டி, துருத்தி நீர் பீய்ச்சுகிறவர்களுக்கு நடுவிலேயே நின்றேன். அப்பாவின் தோளில் ஒரு சிறுவன், கையில் அவன் அளவுக்கு ஒரு தோல்பை. அவன் பீய்ச்சிய தண்ணீர் எதிர்வெயிலில் வில்லாக வளைந்தது. இரண்டாவது ரோல், 22ஆவது படம்.

மே 14, புதன்

குழாய்த் தண்ணீர் 33 டிகிரி. ஐஸ் கட்டிகளைப் பையில் முடிந்து வாளியில் மிதக்கவிட்டு, 24 டிகிரிக்கு இறக்கினேன். ஃபிலிமில் படத்தை வெளிக்கொண்டுவரும் டெவலப்பரான டி-76, பாட்டிலில் 400 மில்லிதான் மீதி. மூன்று ரோலுக்கும் வர வேண்டுமே என்று முதல் இரண்டை ஒரே டேங்கில் ஏற்றி, 150 மில்லி டெவலப்பருக்கு 450 மில்லி தண்ணீர் சேர்த்தேன். ஒரு பங்கு மருந்து, மூன்று பங்கு தண்ணீர் என்ற 1+3 கலவைக்கு 20 டிகிரியில் 20 நிமிடம் என்று வைத்து, 24 டிகிரிக்கு 14 நிமிடம் என்று கணக்கிட்டேன். ஃபிலிம் சுற்றிய ஸ்பூல்கள் நன்றாக மூழ்கியிருந்தன. ஒரு நொடி பிசகாமல் குலுக்கினேன்.

கழுவித் தொங்கவிட்டதும் மனம் விட்டுப்போயிற்று. இரண்டும் வெளிறிக் கிடக்கின்றன. நிழல் பகுதிகள் ஓரளவு வந்திருக்கின்றன. நெகட்டிவில் கருத்திருக்க வேண்டிய வானமும் வெள்ளை வேட்டிகளும் வெறும் சாம்பல். மிச்ச வெள்ளி உப்பைக் கரைத்தெடுக்கும் ஃபிக்ஸர் பார்த்த ஃபிலிமை மறுபடி டெவலப் செய்ய வழியே இல்லை.

மே 15, வியாழன்

கீழமாசி வீதிப் பக்கம் ஒரு காலத்தில் ஸ்டுடியோ வைத்திருந்த அண்ணனிடம் கொண்டுபோனேன். படங்களை அவர் பார்க்கவே இல்லை. ஓரத்தில் இருக்கும் எழுத்தையும் எண்ணையும்தான் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அவை தொழிற்சாலையிலேயே பதிவானவை. அவையும் வெளிறியிருந்தால் தவறு கேமராவில் இல்லை. பிறகு, கேமராவில் ஏற்றும்போதே வெளிச்சம் பட்டு முழுக்கக் கருத்திருக்க வேண்டிய ஃபிலிம் முனையை நாளிதழின் மேல் வைத்தார். சிறிய எழுத்துகூடத் தெளிவாகப் படிக்க முடிந்தது.

“தண்ணீரை விடுங்கள் தம்பி, மருந்து எத்தனை மில்லி போட்டீர்கள்?” என்றார். ரோலுக்கு 75 என்றேன். “நாலு பேருக்கு வைத்த குழம்பில் தண்ணீர் ஊற்றிப் பந்திக்கே பரிமாறியிருக்கிறீர்கள்” என்றார்.

ஒளி பட்ட வெள்ளி உப்பை வெள்ளியாக மாற்றுவதில் டி-76இல் உள்ள மெட்டாலும் ஹைட்ரோகுவினோனும் செலவாகிக்கொண்டே போகின்றன. அதில் வெளியேறும் புரோமைடு வேலையை மேலும் மந்தமாக்குகிறது. எங்கே ஒளி அதிகம் பட்டதோ அங்கே மருந்து அதிகம் தேவை. ஆற்று மணல், வேட்டி, நீர்த்திவலை, வானம் என்று நான் எடுத்தது எல்லாமே வெளிச்சம். பாதி வழியில் மருந்து தீர்ந்துவிட்டது. நேரத்தைக் கூட்டியிருந்தாலும் பெரிய பலன் இருந்திருக்காது. 1+3 தவறான கலவை இல்லை, அதில் போன டி-76 போதவில்லை. 1+1 கலவையில் 36 படம் கொண்ட ஒரு ரோலுக்கு 473 மில்லி வேண்டும் என்பது கோடக் கணக்கு. அதாவது கலக்காத டி-76 சுமார் 237 மில்லி. டேங்கின் அடியில் அச்சிட்டிருக்கும் 290 மில்லி ஃபிலிம் மூழ்குவதற்கான அளவு மட்டுமே. இத்தனை நாளும் அதைத்தான் மருந்தின் அளவு என்று நம்பியிருந்தேன்.

மே 18, ஞாயிறு

மூன்றாவது ரோல், தனியாக. ஃபிலிம் ஸ்பூல் மேலே நகராமலிருக்க ஒரு வெற்று ஸ்பூல். மீதியிருந்த 250 மில்லியோடு 250 மில்லி தண்ணீர், 24 டிகிரி, 9 நிமிடம். முனையை நாளிதழின் மேல் வைத்தேன். தலைப்பு எழுத்து மட்டும் மங்கலாகத் தெரிந்தது. வேட்டி மடிப்புகள்கூடத் தனித்தனியாக வந்திருக்கின்றன! பாட்டில் பழசாகிவிட்டதோ என்ற சந்தேகமும் தீர்ந்தது.

மே 20, செவ்வாய்

புதிய பொட்டலத்தை 52 டிகிரி வெந்நீரில் கரைத்து, ஆறவிட்டு, நான்கு 250 மில்லி பாட்டில்களில் காற்றுக்கு இடமில்லாமல் விளிம்பு வரை நிரப்பினேன். பாட்டிலுக்கு ஒரு ரோல். பாதி நிரம்பிய பாட்டிலில் 2 மாதம் தாங்கும் டி-76, நிரம்பிய பாட்டிலில் 6 மாதம் இருக்கும். லிட்டருக்கு நான்கே ரோல் என்பது கையைக் கடிக்கத்தான் செய்கிறது. அழகர் ஆற்றில் இறங்குவது ஆண்டுக்கு ஒரு முறை.

இரவு 22ஆவது படத்தைக் கான்ட்ராஸ்ட் மிகுந்த தாளில் அச்சிட்டுப் பார்த்தேன். சிறுவனின் முகம் இருக்கிறது. தண்ணீரின் வளைவும் தெரிகிறது. துளிகள் இல்லை.