ஹெல்சிங்கி கடலில் கிடந்த வாரம்

மார்ச் 3, 2025

போஸ்ட்ஜிஐஎஸ், ஸ்பேஷியலைட், மைஎஸ்கியூஎல், ஆரக்கிள்: பூமியின் இடங்களைச் சேமித்துத் தேட உதவும் நான்கு தரவுத்தளங்கள். எங்கள் வலைக் கட்டமைப்பில் இந்த நான்குக்கும் பொதுவாக ஓர் அடிப்படை வகுப்பு (மற்ற வகுப்புகள் தம் நிரலைப் பெறும் பெற்றோர் வகுப்பு) எழுதும் வேலை என்னிடம் வந்திருக்கிறது. நாள் முழுவதும், ஜாங்கோ என்ற பைத்தான் வலைக் கட்டமைப்பின் இடத்தரவுப் பகுதியான ஜியோஜாங்கோவின் நிரலைப் படித்தேன். 2008இல் ஜாங்கோ 1.0உடன் வந்த அது இந்த நான்கையும் சுமக்கிறது. தரவுத்தளத்திடம் கேட்கும் வினவலைக் கட்டுவது ஒரு வகுப்பு. எந்தத் தரவுத்தளத்தால் எது முடியும் என்று சொல்வது வேறொரு வகுப்பு. இந்தப் பிரிவினை மிகவும் பிடித்துவிட்டது.

மார்ச் 5

முதல் வரைவு முடிந்தது. தொலைவைக் கணக்கிடும் மெத்தடை (வகுப்புக்குள் இருக்கும் சார்பை) அடிப்படை வகுப்பிலேயே வைத்தேன். ஆரக்கிளில் மட்டும் சார்பின் பெயர் வேறு. அதை அதன் பேக்எண்டில் (அந்தத் தரவுத்தளத்துக்கென்று எழுதும் பகுதியில்) மாற்றினால் போதும் என்று நினைத்தேன்.

மார்ச் 6

சோதனைக்கு ஹெல்சிங்கியையும் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கையும் எடுத்தேன். எஸ்ஆர்ஐடி 4326, அதாவது இடங்களை அட்சரேகை, தீர்க்கரேகை டிகிரிகளில் குறிக்கும் முறையின் எண். பூமியைத் தட்டையாகக் கருதிக் கணக்கிடும் போஸ்ட்ஜிஐஎஸ்ஸின் ஜியாமெட்ரி நெடுவரிசை 5.4 என்றது, அது டிகிரி. மைஎஸ்கியூஎல் 8 ஏறக்குறைய ஆறு லட்சம் மீட்டர் என்றது. ஒரு டிகிரிக்கு 111 கிலோமீட்டர் என்று பெருக்கினோம்: 600. இரண்டும் பொருந்திவிட்டன என்று நிம்மதியாக வீட்டுக்குப் போனோம்.

மார்ச் 7

காலையில் வரைபடத்தைப் பார்த்ததும் வயிற்றைக் கலக்கியது. நேர்க்கோட்டில் அந்தத் தொலைவு 300 கிலோமீட்டர்தான்!

பெருக்கல் ஏன் தவறு என்பது உடனே புரிந்தது. 111 நிலநடுக்கோட்டுக் கணக்கு. 60ஆவது அட்சரேகையில் கிழக்கு மேற்காக ஒரு டிகிரி அதில் பாதியாகச் சுருங்கிவிடும். மைஎஸ்கியூஎல்லின் பிழையைப் பிடிக்க மாலையாகிவிட்டது. 4326இல் மைஎஸ்கியூஎல் 8 முதல் எண்ணை அட்சரேகையாக வாசிக்கும், போஸ்ட்ஜிஐஎஸ்ஸோ தீர்க்கரேகையாக. நான் எழுதிய 24.94, 60.17 ஹெல்சிங்கியை ஓமன் வளைகுடாவில் கொண்டுபோய்ப் போட்டிருக்கிறது. செயின்ட் பீட்டர்ஸ்பர்க் கிழக்கு ஈரானுக்குப் போய்விட்டது. டோக்கியோவை எடுத்திருந்தால் 139 என்ற அட்சரேகையை ஏற்காமல் அதுவே பிழை காட்டியிருக்கும். இங்கே எல்லா எண்களும் 90க்குள் இருந்ததால் சத்தமே இல்லை. இரண்டு வெவ்வேறு தவறுகள் ஒரே விடையைத் தந்து எங்களை நம்பவைத்துவிட்டன.

மார்ச் 10

அடிப்படை வகுப்பிலிருந்து தொலைவு மெத்தடின் உள்ளே இருந்த நிரலை எடுத்துவிட்டேன். இனி ஒவ்வொரு பேக்எண்டும் விடையின் அலகையும் அச்சு வரிசையையும் (அட்சரேகை, தீர்க்கரேகையில் எது முதலில் என்பதையும்) தானே அறிவிக்க வேண்டும். அறிவிக்காவிட்டால் முதல் வினவலிலேயே பிழை எழும். பெற்றோர் வகுப்பு ஊகித்து ஒரு விடை தருவதைவிட மறுப்பது எவ்வளவோ மேல் என்று கூட்டத்தில் உறுதியாகச் சொன்னேன். "புதிய பேக்எண்ட் எழுதுபவருக்குச் சுமை கூடுமே" என்றார் ஒருவர். கூடும்தான். அந்தச் சுமை அவரிடம்தான் இருக்க வேண்டும். அந்தத் தளத்தை அறிந்தவர் அவர்தான்.

மார்ச் 12

மைஎஸ்கியூஎல் பேக்எண்டில் அச்சு வரிசையை வெளிப்படையாகக் கொடுத்த பிறகு ஹெல்சிங்கி கரைக்கு வந்துவிட்டது. டோக்கியோவையும் சோதனையில் சேர்த்திருக்கிறேன். அடுத்தது ஆரக்கிள்: அதன் இட ஒப்பீடுகளின் (ஓர் இடம் இன்னொன்றுக்குள் இருக்கிறதா என்பது போன்றவற்றின்) விடையை 'ட்ரூ' என்ற எழுத்துச் சரத்தோடு ஒப்பிட வேண்டும். அதற்கென்று வகுப்பில் ஓர் இடம் திறக்க வேண்டும்.