இரண்டு வாரத்தில் காணாமல் போகும் சீட்டுகள்

பெரம்பூரில் மெடிக்கல் ஷாப் வைத்திருக்கிறேன். கவுன்டருக்குப் பின்னால் நிற்பவனுக்கு, ஏரியாவில் யார் எந்த மாத்திரையை விடாமல் போடுகிறார்கள் என்பது தானாகத் தெரிந்துவிடும். சர்க்கரைக்கும் பிரஷருக்கும் வாங்குகிறவர்கள் மாசம் பிறந்தால் வந்துவிடுவார்கள். மன அழுத்தம், பதற்றம் என்று சீட்டு கொண்டுவருகிறவர்கள் அப்படி இல்லை. ஒரு அட்டை வாங்குவார்கள், அதையும் பேப்பரில் சுற்றித் தரச் சொல்வார்கள். அப்புறம் ஆளையே காணோம். பிறகு எப்போதாவது காய்ச்சல் மாத்திரைக்கு வரும்போது மெதுவாகக் கேட்டால், "அது ஒத்துக்கல தம்பி" என்பார்கள்.

சிலருக்கு உண்மையிலேயே ஒத்துக்கொள்ளாது. ஆனால் நிறையப் பேர் நிறுத்துகிற நேரத்தைப் பாருங்கள், பத்துப் பதினைந்தாவது நாள். செர்ட்ராலின், எஸ்சிட்டலோபிராம், ஃப்ளூஆக்ஸெடின் எல்லாம் ஒரே குடும்பத்து மருந்துகள். தொந்தரவை முதல் வாரமே கொடுத்துவிடும்: குமட்டல், வயிற்றுப்போக்கு, தலைவலி, தூக்கக் கேடு. பதற்ற நோய் இருப்பவருக்குச் சில நாட்கள் பதற்றமே கூடலாம். அதனால்தான் பல டாக்டர்கள் பாதி மாத்திரையில் ஆரம்பிக்கிறார்கள். பலன் எட்டிப் பார்க்கவே இரண்டு, நாலு வாரம் ஆகும். நன்றாகத் தெரிய ஆறு, எட்டு வாரம். ஓசிடி, அதாவது வேண்டாத எண்ணம் திரும்பத் திரும்ப வந்து, ஒரே காரியத்தைத் திரும்பத் திரும்பச் செய்யவைக்கும் நோய் என்றால் பத்து, பன்னிரண்டு வாரம்கூட ஆகலாம். ஆக, அவர்கள் கஷ்டத்தை மட்டும் அனுபவித்துவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள்.

இதை இவ்வளவு கறாராகச் சொல்வதற்குக் காரணம், நானும் அதே மாத்திரை போடுகிறவன்தான். எனக்கு ஓசிடி.

மருந்துக் கடைக்காரனுக்கு வரும் ஓசிடி எப்படி இருக்கும் தெரியுமா? பெயர் ஒரே மாதிரி ஒலிக்கும் இரண்டு மாத்திரைகள் இருக்கும். சரியானதைத்தான் கொடுத்திருப்பேன், பில்லிலும் அதுதான் இருக்கும். ஆனாலும் ராத்திரி படுத்த பிறகு, மாற்றிக் கொடுத்துவிட்டோமோ என்று ஒரு எண்ணம் வரும். பில் புக்கைத் திறந்து பார்ப்பேன். போதாது. வாடிக்கையாளருக்கே போன் பண்ணி, "அட்டையில என்ன எழுதியிருக்கு, கொஞ்சம் படிங்க" என்பேன். தூக்கக் கலக்கத்தில் அவர் படிப்பார். போனை வைத்த மறு நிமிஷம், அவர் சரியாகப் படித்தாரா என்ற சந்தேகம் வரும். ஷட்டர் பூட்டு தனிக் கதை. பாதி வழியில் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பேன். "பொறுப்பான ஆளு" என்று அக்கம்பக்கத்துக் கடைக்காரர்கள் பாராட்டினார்கள். என் மனைவிக்கு மட்டும்தான் அது பொறுப்பு இல்லை என்று தெரிந்தது.

டாக்டர் எனக்குச் செர்ட்ராலின் 50 மில்லிகிராமில் ஆரம்பித்து, வாரக்கணக்கில் இடைவெளி விட்டு, அளவைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி 150 வரை கொண்டுபோனார். இங்கேதான் கவுன்டரில் இன்னொரு குழப்பமும் வரும். ஒரு அக்கா ஃப்ளூஆக்ஸெடின் சீட்டோடு வந்து, "என் தங்கச்சிக்கு 20தான் எழுதினாங்க, எனக்கு ஏன் 60? எனக்கு முத்திப்போச்சா?" என்று கண் கலங்கினார். அவர் பயந்த மாதிரி எதுவும் இல்லை. தங்கைக்கு மன அழுத்தம், இவருக்கு ஓசிடி. ஓசிடிக்குப் பொதுவாக அளவு கூடுதலாகத் தேவைப்படும், அவ்வளவுதான். இந்த நோய்க்கு முதன்முதலில் நன்றாக வேலை செய்தது குளோமிபிரமின் என்ற பழைய மருந்து. அமெரிக்காவில் 1989-ல் ஓசிடிக்கென்றே அனுமதி பெற்றது. வாய் வறட்சி, மலச்சிக்கல் என்று தொந்தரவு அதிகம் என்பதால் இப்போது முதலில் எழுதுவதில்லை. ஆனால் அதை மட்டுமே நம்பும் பெரியவர் ஒருவர் எனக்கு வாடிக்கை.

எனக்கு மாத்திரை செய்தது என்ன? ஆடி மாசம் அம்மன் கோயில் ஸ்பீக்கர் ஜன்னலுக்கு நேரே அலறும் இல்லையா, அதை யாரோ பாதியாகக் குறைத்த மாதிரி. பாட்டு நிற்கவில்லை. எண்ணம் வந்துகொண்டேதான் இருந்தது. ஆனால் அது வரும்போது வேறு வேலை பார்க்க முடிந்தது. பூட்டை ஒரே தடவை பூட்டிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடப்பது, பதற்றம் ஏறி அதுவாக இறங்கும் வரை போனைத் தொடாமல் இருப்பது, இதையெல்லாம் ஒரு சைக்காலஜிஸ்ட்தான் பழக்கினார். மாத்திரைக்கு முன்னால் இதே பயிற்சியைச் சொல்லியிருந்தால் எழுந்து ஓடியிருப்பேன்.

மருந்து கம்பெனி நோட்டீஸ்களில் மூளைப் படம் போட்டு 'செரட்டோனின் குறைவு' என்று எழுதியிருப்பார்கள். செரட்டோனின் என்பது மூளையில் செய்தி கடத்தும் ஒரு ரசாயனம். விஷயம் அவ்வளவு எளிதில்லை. மருந்து செரட்டோனின் மேல் வேலை செய்வது சில மணி நேரத்திலேயே தொடங்கிவிடுகிறது. குறைவுதான் காரணம் என்றால் குணமாக ஏன் வாரங்கள் ஆக வேண்டும்? ஆனால் காரணம் தெளிவாகவில்லை என்பதால் மருந்து பொய்யாகிவிடாது. 2018-ல் லான்செட் என்ற மருத்துவ இதழில் 21 மருந்துகளை, ஐந்நூறுக்கும் மேற்பட்ட ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். பெரியவர்களின் மன அழுத்தத்துக்கு எல்லாமே வெற்று மாத்திரையைவிட மேல் என்றுதான் வந்தது. ரொம்ப மேல் இல்லை, ஆனாலும் மேல்.

எனக்குக் கோபம் வருவது ஒரு விஷயத்தில். எஸ்சிட்டலோபிராமையும், பதற்றத்தைச் சீக்கிரம் அடக்கித் தூக்கம் வரவைக்கும் குளோனசெபாமையும் ஒரே மாத்திரையாகச் சேர்த்து விற்கிறார்கள். குளோனசெபாம் முதல் சில வாரங்களைத் தாண்ட உதவும், சரி. அது பழக்கமாகிவிடும் மருந்து, சீக்கிரம் குறைத்து நிறுத்த வேண்டியது. ஒன்றாக இடித்து வைத்தால் ஒன்றை மட்டும் எப்படிக் குறைப்பது? "இது தூக்க மாத்திரைதானே, அடிமையாகிடுவேன்ல?" என்று ஜனங்கள் பயப்படுவதற்கு இந்தச் சேர்க்கையும் ஒரு காரணம்.

திடீரென்று நிறுத்தினால் தொந்தரவு வரும் என்பதும் உண்மை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் தண்ணீர் வடிந்து கடையைத் திறந்தபோது, தலைக்குள் கரண்ட் அடிக்கிற மாதிரி இருக்கிறது, தலை சுற்றுகிறது என்று ஒருவர் வந்தார். வென்லாஃபாக்சின் என்ற மன அழுத்த மருந்து போடுகிறவர், வெள்ளத்தில் அது நின்றுபோயிருந்தது. அதுவும் பாராக்ஸெடின் என்ற இன்னொரு மருந்தும் திடீரென்று நின்றால் இப்படி ஆட்டும். உடம்பில் நாள்கணக்கில் தங்கும் ஃப்ளூஆக்ஸெடினில் இது குறைவு. எதுவானாலும் டாக்டர் சொல்லும்படி படிப்படியாகத்தான் இறங்க வேண்டும்.

ஆண்கள் சொல்லாமல் நிறுத்தும் இன்னொரு காரணம், தாம்பத்தியத்தில் ஆர்வம் குறைவது. எனக்கும் இருந்தது. டாக்டரிடம் சொன்னால் அளவை மாற்றுவார், அல்லது மருந்தையே மாற்றுவார். அப்புறம் மூட்டு வலிக்கு டைக்ளோஃபெனாக் கேட்டு வருகிறவர்கள், இந்த மாத்திரையும் போடுகிறோம் என்று கடையில் தயவுசெய்து சொல்லுங்கள். இரண்டும் சேர்ந்தால் வயிற்றில் ரத்தக் கசிவு வாய்ப்பு கூடும். வீட்டில் 25 வயதுக்குக் கீழே ஒரு பிள்ளைக்கு ஆரம்பித்திருந்தால் முதல் வாரங்களில் கூடவே இருங்கள். தற்கொலை எண்ணம் கூடலாம் என்ற எச்சரிக்கை அந்த வயதுக்குத்தான். அவசரத்துக்கு 14416, டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண். தமிழிலேயே பேசலாம்.

1794-ல் தொடங்கிய மனநல ஆஸ்பத்திரியின் பெயரை, 'கீழ்ப்பாக்கம் கேஸ்' என்று இந்த ஊர் இன்னமும் வசவாக வைத்திருக்கிறது. என் மாமியார் நான் மாத்திரை போடுவதைப் பார்த்ததும் முதலில் கேட்டதும் அதுதான். இப்போது அவரே ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம், "மாப்பிள்ளை, மாத்திரை போட்டாச்சா?" என்று கேட்கிறார். அடுத்த தடவை போகும்போது, அளவைக் குறைக்கலாமா என்று டாக்டரிடம் கேட்கப் போகிறேன். இன்னும் ஒரு வருஷம் போகட்டும் என்றால் அதுவும் சரி, கடையில் ஸ்டாக் இருக்கிறது.