பாலாற்று முகத்துவாரத்தைக் கடந்த இரவு

"ஆறுண்டு நீரில்லை, கோட்டையுண்டு ராஜாவில்லை, கோயிலுண்டு சாமியில்லை" என்று எங்கள் வேலூரைக் கேலி செய்வது பழைய வழக்கம். 1981-இல் ஜலகண்டேஸ்வரர் கோயிலில் லிங்கத்தை மறுபடியும் கொண்டுவந்து வைத்ததோடு அதன் கடைசிப் பகுதி பொய்யாகிவிட்டது. முதல் பகுதி, 2021 நவம்பரில் வந்ததைப் போன்ற வெள்ளங்களை விட்டுவிட்டால், இன்றும் செல்லுபடியாகிறது. காட்பாடிக்குப் போகும்போதெல்லாம் பாலத்தின் மேலிருந்து மணலையும் முள்செடிகளையும் மட்டுமே பார்த்து வளர்ந்தவன் நான். ஆகவே, பள்ளித் தோழன் ஒருவன் தன் 32 அடிப் பாய்மரப் படகைச் சென்னையிலிருந்து புதுச்சேரிக்கு ஓட்டிச் செல்லத் துணைக்கு ஆள் கேட்டபோது, வழியில் பாலாறு கடலில் சேரும் இடம் வருமல்லவா என்பதைத்தான் முதலில் விசாரித்தேன்.

தை மாதக் கடைசியில், மாலை ஐந்து மணிக்குத் துறைமுகத்தை விட்டுக் கிளம்பினோம். புதுச்சேரி ஏறத்தாழ 70 கடல்மைல். மணிக்கு ஐந்து கடல்மைல் வேகத்தில் போனால் பொழுது விடிந்தபின் போய்ச் சேரலாம், அதாவது தெரியாத கரையை இருட்டில் நெருங்க வேண்டியிருக்காது என்பது அவன் கணக்கு. வடகிழக்கிலிருந்து வாடைக்காற்று சீராக வீசியது. பொழுது சாய்வதற்கு முன்பே பெரிய பாயைப் பாதி சுருக்கிக் கட்டினான். காற்று கூடும் வரை காத்திருந்து இருட்டில் அந்த வேலையைச் செய்வது மடத்தனம் என்றான். உயிர்காப்பு உடையிலிருந்து ஒரு பட்டையை எடுத்துப் படகோடு என்னைக் கொக்கியால் மாட்டியபோது, சந்தையில் கட்டிவைத்த கன்றுக்குட்டியின் நினைவு வந்தது.

ஏழேகால் மணிக்கு ஜிபிஎஸ் கருவி வட அட்சரேகை 12 பாகை 55 கலை என்று காட்டியது. வேலூரின் அட்சரேகையும் அதுதான். நேர் மேற்கே சுமார் 130 கிலோமீட்டரில் கோட்டை அகழி இருக்க வேண்டும். பின்னால் திரும்பிப் பார்த்தால், வடக்கே, நீட்டிய கையின் முட்டியை விடச் சற்றே உயரத்தில் துருவ நட்சத்திரம் மங்கலாகத் தெரிந்தது. எங்கள் வீட்டு மொட்டைமாடியிலும் அது அதே பதின்மூன்று பாகையில்தான் இருந்திருக்கும், ஆனால் அங்கே சுவரும் தெருவிளக்கும் அதைப் பார்க்க விட்டதில்லை.

இரவை மூன்று மணி நேர முறைகளாகப் பிரித்துக்கொண்டோம். தூரத்துக் கப்பல்களைப் பற்றி எனக்கு அவ்வளவு பயமில்லை: சிவப்பு விளக்கு மட்டும் தெரிந்தால் அதன் இடப்பக்கத்தைப் பார்க்கிறோம், பச்சை என்றால் வலப்பக்கம், இரண்டும் சேர்ந்து தெரிந்தால் நம்மை நோக்கி வருகிறது. திரையிலும் அவற்றின் பெயரும் வேகமும் வந்துவிடுகின்றன. உண்மையான கவலை விளக்கே இல்லாத பைபர் படகுகளும், நீரில் மிதக்கும் வலைகளும்தான். வலை சுக்கானில் சிக்கினால் எங்களுக்குத் தொல்லை என்பது ஒருபுறம், அதை அறுத்தால் ஒரு குடும்பத்தின் பிழைப்பு போய்விடும். அதனால் கரையிலிருந்து ஆறேழு கடல்மைல் தள்ளியே சென்றோம். மாமல்லபுரம் கலங்கரை விளக்கத்தின் வீச்சும், பிறகு கல்பாக்கத்தின் விளக்குக் கூட்டமும் வலப்புறமாகக் கடந்தன.

என் முறையில்தான் தவறு நேர்ந்தது. நள்ளிரவுக்குப் பின் நிலம் குளிர்ந்து கரைக்காற்று கிளம்பும், அப்போது காற்று வடக்கு வழியாக வடமேற்குக்குத் திரும்பும் என்று அவன் சொல்லிவிட்டுத்தான் படுக்கப் போயிருந்தான். முகத்துவாரம் வரப்போகிறது என்ற பரபரப்பில் நான் திரையிலேயே கண்ணாக இருந்தேன். இடது பிடரியில் பட்டுக்கொண்டிருந்த காற்று வலது காதுக்கு மாறியதை நான் உணரவேயில்லை. வலப்பக்கம் விரிந்திருந்த பாய் படாரென்று பின்புறமாக உப்பியது. அதன் அடிக்கட்டையை முன்னால் இழுத்துக் கட்டியிருந்த கயிறு முறுக்கேறி முனகியது. அந்தக் கயிறு மட்டும் இல்லாதிருந்தால் கட்டை ஒரே வீச்சில் மறுபக்கம் பாய்ந்திருக்கும், வழியில் என் தலை இருந்திருக்கும்.

"காத்து மாறிடுச்சு மச்சி, தூங்கிட்டியா?" என்று கேட்டபடியே மேலே வந்து, கயிற்றை மெல்லத் தளர்த்திப் பாயை இடப்பக்கம் மாற்றினான். திட்டவில்லை, அதுதான் கூடுதல் சங்கடமாக இருந்தது.

ஒரு மணி சுமாருக்கு முகத்துவாரத்தின் நேரெதிரில் இருந்தோம். நந்தி மலையில் தோன்றி, ஆம்பூரையும் வேலூரையும் ஆற்காட்டையும் கடந்து 348 கிலோமீட்டர் வந்த ஆறு சேரும் இடத்தில் எந்த அடையாளமும் இல்லை. கல்பாக்கத்துக்குத் தெற்கே விளக்குகள் அறுந்துபோன ஒரு கறுப்பு இடைவெளி மட்டும் இருந்தது. கரைக்காற்றில் ஈரமண் வாசனை வந்ததாகத் தோன்றியது, ஆனால் அப்போது எனக்கு எதுவும் தோன்றியிருக்கும்.

புதுச்சேரியில் கரைக்கு வெளியே நங்கூரம் போட்டபின் அவன் பயணக் குறிப்பேட்டைப் புரட்டினான். மணிக்கொரு முறை இடம், காற்று, ஆழம் ஆகியவற்றை எழுத வேண்டிய அதில், ஒரு மணிக்கு நேராக நான் காற்றை எழுத மறந்து "பாலாறு" என்று மட்டும் எழுதியிருந்தேன். "வடமேற்கு" என்று பக்கத்தில் எழுதிச் சேர்த்தான். என் சொல்லை அடிக்கவில்லை.