1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்தை வைத்து சமாதானப் பாடம்: கூடலூர், கோத்தகிரி பக்கத்து வகுப்புகளுக்கு

சமாதானம் என்றதும் புறா வரையச் சொல்லி மதிப்பெண் போட்டுவிடலாம். நீலகிரியில் அதற்கு அவசியமே இல்லை. இலங்கையிலிருந்து வந்தவர்களுக்கு வேலை கொடுக்க 1968-ல் தொடங்கிய டான்டீ (தமிழ்நாடு அரசின் தேயிலை நிறுவனம்) தோட்டங்கள் பள்ளிக்கு அருகிலேயே இருக்கின்றன. அவர்களை இங்கே வரவைத்த ஒப்பந்தமே 9, 10-ஆம் வகுப்புக்கு நல்ல பாடம். இரண்டு பீரியட் போதும்.

முதல் பீரியடில் கரும்பலகையில் எண்கள் மட்டும். 1948 குடியுரிமைச் சட்டத்தால் இலங்கையில் பெரும்பாலான மலையகத் தமிழர்கள், அதாவது இந்தியாவிலிருந்து தோட்ட வேலைக்குப் போனவர்களும் அவர்கள் வாரிசுகளும், நாடற்றவர்கள் ஆனார்கள். 1964 அக்டோபர் 30-ல் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள்: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு முடிவு. 15 ஆண்டுகளில் முடிக்க வேண்டும். 7 பேர் இந்தியா போனால் 4 பேருக்கு இலங்கைக் குடியுரிமை. 5,25,000-க்கும் 3,00,000-க்கும் உள்ள விகிதத்தைப் பிள்ளைகளே சுருக்கட்டும், 7:4 வரும். மனிதர்களை விகிதமாகப் பிரித்திருக்கிறார்கள் என்பது அப்போதுதான் உறைக்கும். மீதிப் பேரை 1974-ல் பாதிப் பாதியாகப் பிரித்ததையும் சொல்லிவிடுங்கள்.

இரண்டாம் பீரியடில் மூன்று குழு: இந்திய அரசு, இலங்கை அரசு, தோட்டத் தொழிலாளர்கள். அரசுகள் 10 நிமிடம் பேசும். தொழிலாளர் குழு கேட்கலாம், வாய் திறக்கக்கூடாது. அந்த 10 நிமிடத்தைக் குறைக்காதீர்கள், பாடமே அதில்தான் இருக்கிறது. பிறகு தொழிலாளர் குழு பேச 15 நிமிடம். முந்தையவர் சொன்னதைத் தன் வார்த்தையில் திருப்பிச் சொன்ன பிறகே அடுத்தவர் பேசலாம். இந்த விதி இல்லாவிட்டால் குரல் பெரிதாக உள்ள இரண்டு பேர் வகுப்பை எடுத்துக்கொள்வார்கள். தகரக் கூரையில் மழை அடிக்கும் ஜூலையில் பேச்சே கேட்காது. அட்டையில் எழுதிக் கைமாற்றச் சொல்லுங்கள்.

தமிழர், சிங்களவர் என்று இனவாரியாக வேடம் கொடுக்கவே கூடாது. வெற்றி தோல்வியாகிவிடும், இலங்கைப் போரைப் பற்றி எதுவும் புரியாது. "உங்களில் யார் சிலோன்?" என்று கேட்பதும் வேண்டாம். விரும்பிச் சொல்பவர் சொல்லட்டும். கேட்டு வாங்கினால் அடுத்த இடைவேளையில் அது கேலிப் பெயராகும்.

நடப்புச் செய்திக்கு வரும்போது ஒரே செய்தியை இரண்டு நாளிதழ்களிலிருந்து வெட்டி ஒட்டி, நடந்தது என்ன, யார் சொன்னது, விட்டுப்போனது எது என்று மூன்று பத்தி போடுங்கள். குடியுரிமைச் செய்தியானால் உலக மனித உரிமைப் பிரகடனத்தின் 15-ஆம் பிரிவையும் (எல்லோருக்கும் குடியுரிமை உண்டு என்பது) பக்கத்தில் வையுங்கள், தமிழில் கிடைக்கிறது. இந்தியாவின் 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் மூன்றையும்தான் சொல்கிறது, இலங்கை அதில் இல்லை. இதை எடுத்தால் வகுப்பு சூடாகும். சட்ட வாசகத்தை எல்லோரும் படித்த பிறகே கருத்து கேளுங்கள்.

வீட்டிலிருந்து பழைய ஆவணம் கொண்டுவர யாராவது ஆசைப்பட்டால் அசல் வேண்டாம். ஜெராக்ஸ் போதும், பெயரையும் எண்ணையும் மறைத்துவிட்டு.