மாமா சொன்ன எரிமலை

"சேர்வராயன் மலை பழைய எரிமலை மாப்ள. ஏற்காட்டு ஏரிதான் அதோட வாய்." அஸ்தம்பட்டியில் டீ குடிக்கும்போதே மாமா ஆரம்பித்துவிட்டார். சின்ன வயதில் நானும் நம்பிய கதைதான்.

20 கொண்டை ஊசி வளைவுகளில் ஒன்றில் பைக்கை ஓரங்கட்டினோம். சாலைக்காக மலையை வெட்டிய இடம். வெளியே பழுப்பேறிய பாறை, உடைந்த பக்கத்தில் மட்டும் எண்ணெய் தடவியதுபோல் கருநீலமாக மின்னியது. உள்ளே மணிமணியாகப் படிகங்கள். "இதைப் பாருங்க மாமா. எரிமலைக் குழம்பு வெளியே கொட்டினால் சட்டென்று ஆறிவிடும், படிகம் வளர நேரம் இருக்காது. அஜந்தா குகைகளைக் குடைந்த பசால்ட் என்ற எரிமலைப் பாறை அப்படிப்பட்டது. இது அப்படி இல்லை."

நம்ம ஊர்க் கருங்கல்லின் பெயர் சார்னோகைட். கொல்கத்தாவில் ஜாப் சார்னாக் என்ற கிழக்கிந்தியக் கம்பெனிக்காரரின் கல்லறைக்கல் இந்த வகைதான். அதை ஆராய்ந்த தாமஸ் ஹாலண்ட் 1893இல் அவர் பெயரையே பாறைக்கு வைத்துவிட்டார். மலை நம்முடையது, பெயர் சமாதிக்காரருடையது! சுமார் 250 கோடி ஆண்டுகளுக்கு முன், 20 கிலோமீட்டருக்கும் கீழே, 700 டிகிரிக்கு மேற்பட்ட சூட்டில், தண்ணீர்ப் பசையே இல்லாமல் வெந்த பாறை இது. மேலே இருந்ததெல்லாம் தேய்ந்து போய்த்தான் இன்று நம் காலடிக்கு வந்திருக்கிறது.

ஏரியில் படகுக்கு ஒரே கூட்டம், நிற்கவில்லை. நேராகச் சேர்வராயன் கோயில். குகைக்குள் குனிந்து போய்க் கும்பிட்டுவிட்டு வெளியே வந்தால், மலை உச்சி என்று சொல்ல முடியாத அளவுக்குச் சமதளம். செருப்பெல்லாம் செம்மண். காலங்காலமாகப் பெய்த மழை பாறையிலிருந்த சிலிக்காவைக் கரைத்துக் கொண்டுபோக, அலுமினியமும் இரும்பும் தங்கிவிட்டன. அதுதான் பாக்சைட். மேட்டூர் அலுமினிய ஆலைக்கு இந்த மலையிலிருந்தும் வெட்டிக்கொண்டு போனார்கள்.

இறங்கும்போது கருப்பூர்ப் பக்கம் வெள்ளைக்கல் சுரங்கக் குவியல்கள் வெயிலில் கண்ணைக் கூசின. அங்கே மட்டும் மாமாவுக்குப் பாதி மார்க் கொடுத்தேன். மிக ஆழத்திலிருந்து குழம்பாக ஏறி, வெளியே கொட்டாமல் பூமிக்குள்ளேயே உறைந்த டியூனைட் என்ற பாறைதான் அங்கே முதலில் இருந்தது. கரியமில வாயு கலந்த நீர் அதன் வெடிப்புகளில் புகுந்து, அங்கங்கே மேக்னசைட் என்ற வெள்ளைக்கல்லாக மாற்றியிருக்கிறது. உருக்கு உலைகளின் உட்சுவர்ச் செங்கல்லுக்கு அதுதான் போகிறது.

"குழம்பு வந்துச்சுல்ல? அப்புறம் என்ன?" என்றார் மாமா. வீட்டுக்குப் போனதும் அத்தையிடம் அந்தப் பாதியை மட்டும்தான் சொன்னார்.